விசிலடித்தால் கொடுக்க வேண்டும்

அன்புள்ள மகனுக்கு,

இதனால் மேனாம்பேட்டிலும் குஜராத்திலுமாகப் பிரிந்து வாழும் நம் குடும்பத்தார் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில், சென்ற வாரம் காணாமல் போன நம் வீட்டு மிக்ஸியின் பெரிய ஜார் மூடி இன்று காலை உயிருடன் மீட்கப்பட்டது. மீட்கப்பட்ட இடம், வாசல் கேட்டை ஒட்டிய செம்பருத்தித் தொட்டியின் பின்புறம். மூடியின் உடல்நிலை சீராக உள்ளது. ஓரத்தில் கொஞ்சம் மண், உள்ளே ஒரு நத்தை, அவ்வளவுதான். அடுப்படியில் இருக்க வேண்டிய மூடி வாசலுக்கு எப்படி நடந்து போனது என்பதைப் பற்றித் தீவிர விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரியும் நானே, ஒரே சாட்சியும் நானே. ஆகவே தீர்ப்பு இந்தக் கடிதத்தின் கடைசியில்தான் வரும். தாண்டிப் போய்ப் படிக்காதே.

மகன் என்றதும் முறைக்காதே, நைனா. இந்தப் பதவியை எனக்குக் கொடுத்தவனே நீதான். சென்ட்ரலில் வண்டி நகரும்போது ஜன்னல் கம்பிக்கு நடுவில் கையை விட்டு, நான் அரை மணி நேரம் நின்று சீவிய தலையைக் கலைத்து, "இனிமே நீதான்டா ஊட்டுக்கு நைனா" என்றாய். நம் பக்கத்தில் இந்தச் சொல் இருபக்கமும் ஓடும். பிள்ளை அப்பனை நைனா என்பான். கொஞ்ச வந்தால் அப்பனும் பிள்ளையை நைனா என்பான். நீயும் நானும் இத்தனை வருடமாக ஒருவரையொருவர் நைனா என்று கூப்பிட்டு, யார் அப்பன் யார் பிள்ளை என்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் குழப்பியிருக்கிறோம். அன்றைக்கு ஸ்டேஷனில் நீ தெளிவாகச் சொல்லிவிட்டாய். நான் நைனா என்றால் மிச்சமிருக்கும் நீ மகன். ஊரைவிட்டுத் தூரத்தில் வேலைக்குப் போயிருக்கும் மகனுக்குத் தகப்பன் கடிதம் எழுதுவது உலக வழக்கம். அந்த வழக்கப்படி எழுதுகிறேன், வழக்குப் போடாதே.

கடிதம் எழுத வேண்டிய அவசியம் போன ஞாயிற்றுக்கிழமை வந்தது. நீ போன் செய்தபோது அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நீ கம்பெனியைப் பற்றிச் சொன்னாய். அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியிலிருந்து உன்னைக் குஜராத்துக்கு அனுப்பும்போது கொஞ்ச காலம்தான் என்றார்கள். இப்போது அங்கே புது மெஷின்கள் வருகின்றன, பையன்களைப் பழக்க ஆள் வேண்டும், இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார்கள், இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அம்மா கீரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், நீ என்ன சொன்னாய் என்று கேட்டாள்.  உன் அறையில் யாரோ இந்தியில் கிரிக்கெட் கேட்கும் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் சொன்னாய்.

"உங்களுக்குத்தான் பழகிப்பூட்ச்சே. நல்லாத்தானே கீறீங்க."

அம்மா "உம்" என்றாள். அந்த உம் ஆமாவா இல்லையா என்று நீ கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் பேசவில்லை. ஊரெல்லாம் வாய் மூடாதவன் என்று பெயரெடுத்தவன் நான். வீட்டில் மூடி காணாமல் போன வாரத்தில் வாயை மட்டும் சரியாக மூடிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ வைத்ததும் அம்மா கீரைக் காம்புகளை வாரிக்கொண்டு எழுந்து, மாடியில் துணி காய்கிறது என்று போனாள். அன்று நாங்கள் துணியே துவைக்கவில்லை.

ஆகவே மகனே, இந்தப் பழகிப்பூட்ச்சு என்கிற ஒரு சொல்லைப் பற்றி உனக்குக் கொஞ்சம் புத்தி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொல்லில் நான் இப்போது விஷயம் தெரிந்தவன். ஒரு கரடியிடம் படித்தேன். கரடி என்றதுமே, ஆரம்பிச்சுட்டான்டா கரடி விட, என்று நீ அங்கே சிரிப்பது இங்கே கேட்கிறது. இது விடுகிற கரடி இல்லை. உண்கிற, உறங்குகிற, உறிஞ்சுகிற கரடி. கறுப்பு மயிர், நெஞ்சில் வெள்ளையாக ஒரு வளைவு, முன்னால் இரண்டு பல் இல்லாத வாய். அந்த வாயால் அது தேனை உறிஞ்சும் சத்தம், மூடியில்லாமல் மிக்ஸி ஓடுவது மாதிரியே இருக்கும். அந்தச் சத்தத்தை அம்மா வேறு இந்த வாரம் முழுக்க வீட்டிலேயே கேட்டாள். எவர்சில்வர் தட்டால் ஜாரை மூடிச் சட்னி அரைத்து, சுவரெல்லாம் கொத்தமல்லி.

கல்லூரியில் விலங்கியல் படிப்பவர்களை விடுமுறைக்கு மிருகக்காட்சிசாலைக்கு இன்டர்ன்ஷிப் அனுப்பினார்கள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் ஷிப் என்றால் கப்பல் என்று சொல்லிவைத்தேன். அவள் வேலை செய்யும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷினுக்குத் தையல் மெஷின் போய், பையனுக்குக் கப்பலில் வேலை கிடைத்துவிட்டதாக அவளே நம்பிச் சொல்லிவிட்டாள். பிறகு இரண்டு நாள் எனக்குச் சாம்பாரில் காய் விழவில்லை. போகட்டும். முதல் நாள் நான் புலிக்குட்டியை மடியில் வைத்து போட்டோ எடுக்கும் கனவோடு இரண்டு பஸ் மாறிப் போனேன். என் மடியில் வைத்தது ஒரு கோணிப்பை, கையில் கொடுத்தது ஒரு கத்தி, எதிரே குவித்தது தர்பூசணி. அங்கே விலங்குகளின் நடத்தையைக் கவனிக்கும் ரேவதி அக்காவோடு என்னைப் போட்டார்கள். நூம்பலில் வீடு, ஸ்கூட்டரில் வருவாள், என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும், நக்கலில் எனக்குச் சரிசமம். அவள் அறை வாசலில் செறிவூட்டல் என்று பலகை. ஊட்டல் என்று இருக்கிறதே, யாருக்கு அக்கா ஊட்டணும் என்றேன். "ஊட்டவே கூடாது. அதுக்குப் பேர்தான் செறிவூட்டல்" என்றாள்.

அவள் விளக்கியதை உன் மெஷின் மூளைக்கு ஏற்ற மாதிரிச் சொல்கிறேன். காட்டில் ஒரு கரடி நாள் முழுக்கச் சோற்றுக்கு அலையும். கரையான் புற்றைத் தோண்டும், மரம் ஏறும், மோப்பம் பிடிக்கும். அதுதான் அதன் ஷிஃப்ட். கூண்டில் தட்டில் சோற்றை வைத்துவிட்டால் கால் மணி நேரத்தில் தின்று முடித்துவிடும். மீதி நாளை அது என்ன செய்யும்? ஆகவே சோற்றை ஒளித்து வைக்க வேண்டும். மரக்கட்டையில் துளை போட்டுத் தேன் ஊற்றுவது, கோணிக்குள் நிலக்கடலை போட்டு முடிச்சுப் போடுவது, வெயில் காலத்தில் பழத்தைப் பனிக்கட்டிக்குள் உறைய வைப்பது, ஒரு மூலையில் ஏலக்காயைத் தட்டிப் போட்டு அது என்ன என்று தேட விடுவது. சுருக்கமாக, ஓய்வு பெற்றவருக்கு வேலை கொடுப்பது. ஒளித்து வைத்து அடுத்தவரை அலைய விடுவது எனக்குப் பிறவிக் கலை என்பது உன் செருப்புகளுக்குத் தெரியும். வாழ்க்கையில் முதன்முறையாக நான் செய்கிற குறும்புக்கு ஒருவர் எனக்கு நன்றி சொல்கிற இடத்துக்கு வந்து சேர்ந்தேன், நைனா.

கரடியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். ஏனென்றால் அது உன் பெயர். முதல் நாள் அங்கே வேலை செய்யும் அண்ணன் ஒருவர் கூண்டைப் பார்த்து உன் பெயரைச் சொல்லி, எங்கடா பூட்ட, துன்ன வாடா என்று கத்தினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் சிரிப்பு. ஜென்மத்துக்கும் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத நான் அன்றிலிருந்து நாள் முழுக்க உன் பெயரைக் கூவினேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் அதே மாதிரி, இன்றைக்கு அவன் நாலு தர்பூசணி தின்றான், தண்ணித் தொட்டியில் குப்புற விழுந்தான் என்று உன் பெயரைப் போட்டுச் சொன்னேன். அம்மா முதலில் கரண்டியைத் தூக்கினாள். பிறகு சிரித்தாள். உன் பெயரை அவள் வாயால் சொல்ல மாட்டாள் அல்லவா, அதனால் கரடிக்கும் அதே மரியாதை கிடைத்தது. தினமும் நான் செருப்பைக் கழற்றும்போதே கேட்பாள்: "அவரு இன்னிக்கி துன்னாரா?" நான் தின்றார் என்பேன். சரி என்று உள்ளே போவாள். கொஞ்ச நாள் கழித்து எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, அவள் எந்த அவரை விசாரிக்கிறாள் என்று. நீ அங்கே மெஸ்ஸில் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் என்று முகம் சுளித்துக்கொண்டு சாப்பிடுவது அவளுக்குத் தெரியும். நீ நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் மேலே ஏறும். தகப்பனிடம் பொய் சொல்லக் கூடாது மகனே.

நான் போன புதிதில் உன் பெயர்க்காரர் நடந்துகொண்டே இருந்தார். கம்பி வேலியை ஒட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, திரும்ப இந்தக் கோடி. அந்தப் பாதையில் மட்டும் புல் கிடையாது. பார்க்க வருகிறவர்கள், பாரு வாக்கிங் போவுது, சுகர் போலக்கீது என்று சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அவர் வேறொரு ஊரிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் போனால் நடையைக் காணோம். அவர் கதவைப் பார்த்தபடி படுத்து, முன்னங்கையை வாயில் வைத்துச் சூப்பிக்கொண்டிருந்தார். சூப்பும்போது உள்ளுக்குள் ஒரு முனகல் கேட்கும், தூரத்தில் மோட்டார் ஓடுகிற மாதிரி. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிப்போய் ரேவதி அக்காவிடம், ஆள் செட்டில் ஆகிட்டார், இடம் பழகிடுச்சு என்றேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்து வேலியருகே ரொம்ப நேரம் நின்று பார்த்தாள்.

"பழகலடா. விட்டுடுச்சு."

எனக்குப் புரியவில்லை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், ஏமாந்துவிடாதே என்றாள். பழகின பிராணி சும்மா இருக்காது. எதையாவது நோண்டும், முகரும், கடித்துப் பார்க்கும். காத்திருப்பதையே விட்டுவிட்டதுதான் அமைதியாக இருக்கும். தொந்தரவு இல்லாமல் இருக்கிறதே என்று நாம் சந்தோஷப்படுவோம். அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். அது எதற்காகக் காத்திருந்ததோ, அதில் துளியைக் காட்டிப் பார் என்றாள். அன்றைக்கு வேறு யோசனை ஒன்றும் தோன்றாமல், மழை பெய்து நனைந்த புற்றுமண்ணை ஒரு கூடை கொண்டுவந்து உள்ளே கொட்டினோம். படுத்திருந்தவர் மூக்கைத் தூக்கினார். அப்புறம் அவர் ஓடி வந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே, நைனா. அமைதியாம் அமைதி.

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நம் வீடுதான் ஞாபகம் வந்தது. அம்மாவைக் கரடியோடு சேர்த்துப் பேசியதை அவளிடம் சொல்லிவிடாதே, எனக்குத் திரும்பவும் காயில்லாத சாம்பார்தான். நீ போன புதிதில் அவள் உன் ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். கேட்டால், காற்று வாங்க என்பாள். நம் தெருவில் காற்றுக்கும் எஸ்டேட் வாசனைக்கும் வித்தியாசம் தெரியாது; அதை வாங்க யாரும் வாசலுக்கு வர மாட்டார்கள். பிறகு அது நின்றுபோனது. வேலையிலிருந்து வந்தால் சமையல், டிவி, தூக்கம். உன்னோடு பேசும்போதும் கரண்ட் பில், கேஸ், இன்வெர்ட்டர் பாட்டரிக்குத் தண்ணி, அவ்வளவுதான். அழுகை கிடையாது, எப்போது வருவாய் என்கிற கேள்வி கிடையாது. நானும் அதைப் பார்த்து, பரவாயில்லை, நாம் பதவியேற்ற பிறகு வீடு அமைதியாகிவிட்டது, நிர்வாகம் பிரமாதம் என்று மார்தட்டிக்கொண்டேன். நீயும் போனில் அந்த அமைதியைத்தான் கேட்டாய். அதற்குத்தான் பழகிப்பூட்ச்சு என்று பெயர் வைத்தாய்.

தகப்பன் என்றால் தன் வீரப்பிரதாபத்தையும் சொல்லியாக வேண்டும். நீ சொல்வாய் அல்லவா, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று. என் பங்குக்கு நானும் சொல்கிறேன்: நான் ஒரு கரடியைப் பழக்கியவன். அவர் வலது கையில் ஒரு நகம் வளைந்து வளர்ந்து சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் வெட்ட வேண்டும். மயக்க ஊசி போட்டுச் செய்யலாம், ஆனால் வயதான உடம்பு, ஒவ்வொரு தடவையும் பயம். ஆகவே அவரே நடந்து வந்து, அவரே கையைக் கம்பி வழியாக நீட்டி, அவரே வெட்டிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். அடியோ அதட்டலோ கிடையாது. கூப்பிட ஒரு சத்தம், வந்தால் ஒரு பேரீச்சம்பழம். அவ்வளவுதான் மொத்த வித்தையும்.

அந்தச் சத்தத்தில்தான் சிக்கல். வழக்கமாக விசில் ஊதுவார்களாம். ஆனால் அங்கே பாதுகாவலர்கள் வேலியில் ஏறுகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்க விசில் ஊதுகிறார்கள். அவருக்கு அது நமக்கு லாரி ஹாரன் மாதிரி. கை தட்டினோம், பார்வையாளர்களும் தட்டினார்கள். மணி அடித்தோம், ஐஸ்கிரீம் வண்டிக்காரர் வந்துவிட்டார். அப்போதுதான் நான் சொன்னேன், உலகத்தில் வேறு யாருக்கும் வராத ஒரு விசில் எனக்குத் தெரியும் என்று. உன் விசில். நாக்கை மடித்து, இரண்டு குட்டையாக, மூன்றாவது மட்டும் மேலே ஏறித் தொங்கி இறங்குமே, அது. நீ டிவிஎஸ்ஸில் தெருமுனை திரும்பும்போது அடிப்பாய். நான் எங்கே இருந்தாலும் ஓடி வருவேன். ஒரு தடவை பாதிக் குளியலில் சோப்போடு வந்தேன். உன் டிபன் கேரியரின் மேல் தட்டில் கம்பெனி கேன்டீன் மசால்வடை ஒன்று, பேப்பரில் சுற்றி, எண்ணெய் ஊறி, எனக்காக இருக்கும். உனக்குக் கொடுத்ததை நீ தின்னாமல் கொண்டுவந்தாய் என்பதெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. விசிலுக்குள்தான் வடை இருக்கிறது என்று நினைத்தேன்.

அப்படிப் பார்த்தால் நீதான் முதல் பயிற்சியாளர். தப்பும் செய்திருக்கிறாய், தகப்பன் என்கிற முறையில் சுட்டிக்காட்டுகிறேன். நாளைக்குத் தண்ணி வராது என்று நான் தெரு முழுக்கக் கிளப்பிவிட்டு, எல்லாரும் குடம் குடமாகப் பிடித்து வைத்து, மறுநாள் தண்ணி வந்ததே, அன்று நீ திட்டவில்லை. வழக்கம் போல விசிலடித்தாய், வழக்கம் போல வடையைக் கொடுத்தாய். உள்ளே முழுசாக ஒரு பச்சைமிளகாய். அதற்கப்புறம் ரொம்ப நாள் நான் வடையைப் பிட்டுப் பார்த்த பிறகுதான் வாயில் வைத்தேன். ரேவதி அக்காவிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். வெல்லத்துக்குள் மாத்திரை வைத்துக் கொடுத்தால் கரடியும் ஒரு தடவைதான் ஏமாறும், அப்புறம் வெல்லத்தையே சந்தேகப்படும் என்றாள். ஆனால் எனக்கு ஒரு நாளும் விசில் மேல் சந்தேகம் வரவில்லை. வடையைச் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் ஓடி வந்தேன்.

உன் விசில் கரடிக்கு முதல் வாரமே பிடித்துப்போனது. தோட்டத்துக் கடைசியில் இருந்தாலும் சத்தம் கேட்டதும் தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிடுவார். போகிற போக்கில் கொஞ்சம் இந்தியும் கற்றுக்கொண்டார்; அந்தக் கதை பிறகு. நடுவில் நான் ஒரு தப்பு செய்தேன். கல்லூரி நண்பர்கள் பார்க்க வந்திருந்தார்கள். மச்சான், இப்ப பாரு என்று விசிலைக் கொடுத்தேன். வந்தார். கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டினார். என்னிடம் பழம் இல்லை. பசங்க கைதட்டினார்கள், நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார். வெறும் கையை முகர்ந்தார். திரும்பிப் போனார். மறுநாள் கூப்பிட்டால் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ரேவதி அக்கா அன்று நக்கலடிக்காமல் பேசினாள், அதுதான் எனக்கு வலித்தது.

"விசிலடிச்சா குடுக்கணும்டா. குடுக்க இல்லன்னா அடிக்காத. அவ்ளோதான் இந்த வேலை."

திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தோம். அவர் பெரிய மனது பண்ணி மன்னித்தார். போன மாதம் அவர் கம்பியருகே உட்கார்ந்து, கையை வெளியே நீட்டி, பேரீச்சம்பழத்தை மென்றுகொண்டே நகத்தை வெட்டிக்கொண்டார். டாக்டர் என் முதுகில் தட்டினார். என் விசிலுக்குக் கரடி கை கொடுக்கிறது என்று கல்லூரியில் பேச்சு. நான் உன்னைவிட நன்றாக விசிலடிக்கிறேன் என்று அம்மாவிடமே சொன்னேன். அம்மா சிரித்த மாதிரி இருந்தது.

இப்போது மகனே, தகப்பனுடைய புத்திமதி. மெஸ்ஸில் தயிர் கேட்டு வாங்கு. அங்கே உன் மெஷினில் நிற்கிற பையன்களுக்கும் யாராவது ஒரு நாள் வடை வாங்கிக் கொடு, பச்சைமிளகாய் இல்லாமல். அமைதியாக நிற்கிற பையன் வேலை பழகிவிட்டான் என்று நினைக்காதே, பக்கத்தில் போய்ப் பார். அப்புறம், பழகுவதும் பழக்குவதும் ஒன்றில்லை. நடுவில் ஒரு க் தான் வித்தியாசம். ஆனால் தொண்டையில் அது சிக்கிக்கொள்ளும். இத்தனை நாள் நான் பழக்கினேன், பழக்கினேன் என்று எழுதியதெல்லாம்...

சரி. விசாரணை அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

எனக்கு விசிலடிக்கவே தெரியாது, நைனா. இன்றுவரை காற்றுதான் வருகிறது. நீ எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாய், நாக்கை இப்படி மடி, உதட்டை இப்படி வை என்று. என் முகத்தில் எச்சில் தெறித்ததுதான் மிச்சம். என் பிறந்தநாளுக்கு நீ வாழ்த்துச் சொல்ல வெட்கப்பட்டு, வாட்ஸ்அப்பில் வெறுமனே விசிலடித்து அனுப்பினாயே, கரடிக்கு நான் போட்டுக் காட்டியது அதைத்தான். அதன் கடைசியில் உன்னோடு அறையில் இருப்பவர் பதறிப்போய், என்ன ஆச்சு என்று இந்தியில் "க்யா ஹுவா, க்யா ஹுவா" எனக் கேட்பதும் பதிவாகியிருக்கிறது. அதை வெட்ட எனக்கு மனது வரவில்லை. அதனால் இப்போது யாராவது வடநாட்டுக்காரர் கூண்டருகே நின்று க்யா ஹுவா என்றாலும் கரடி எழுந்து வந்து கையை நீட்டுகிறது. கரடி வந்தது உன் விசிலுக்கு. நான் விட்டதெல்லாம்தான் கரடி.

போன வாரம், நீ போன் செய்வதற்கு நாலைந்து நாள் முன்பு, போனில் போட்டால் கரடிக்குச் சத்தம் குறைவாகக் கேட்கிறது என்று புதிதாகச் சின்ன ஸ்பீக்கர் ஒன்றை ரேவதி அக்கா கொடுத்தாள். தூரத்திலிருந்து எப்படிக் கேட்கிறது என்று பார்க்க, சாயங்காலம் நான் தெருமுனை வரை போய், டீக்கடைச் சுவரில் அதை வைத்து உன் விசிலை ஓடவிட்டேன். நீ டிவிஎஸ்ஸைத் திருப்புவாயே, அதே இடம். சத்தியமாகக் குறும்பு இல்லை, யோசிக்கவே இல்லை. அம்மா தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாளாம். மிக்ஸியை நிறுத்தினாளா இல்லையா என்று தெரியாது. கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் வந்து நின்றாள். முடி அவிழ்ந்திருந்தது, ஈரக் கை, செருப்பில்லை. கையில் மிக்ஸி மூடி. பழகிப்போன பெண் அப்படி ஓடி வர மாட்டாள்.

என்னைப் பார்த்தாள். ஸ்பீக்கரைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன், அதிலும் காற்றுதான் வந்தது. அவள் மூடியை வாசல் கேட்டை ஒட்டிய சுவர்மேல் வைத்துவிட்டு முடியை முடிந்துகொண்டாள். "உள்ள வா, சோறு ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மூடியை மறந்துவிட்டாள். அல்லது ஞாபகம் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. ராத்திரி காற்றில் அது தொட்டிக்குப் பின்னால் விழுந்திருக்க வேண்டும். மறுநாளிலிருந்து மூடி எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவளும் தேடவில்லை. எவர்சில்வர் தட்டு போதும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை நீ பழகிப்பூட்ச்சே என்றபோது அவள் உம் சொன்னது இதையெல்லாம் விழுங்கிக்கொண்டுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த ஸ்பீக்கரை ஓடவிட்டது நான். பட்டனை அழுத்தியது என் விரல். மூன்றாவது விசில் மேலே ஏறித் தொங்கும்போது, என் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று தெரிந்தும், நானும் திரும்பித் தெருவைப் பார்த்தேன், டிவிஎஸ் வருகிறதா என்று. ஆகவே நைனா பதவியை இந்தக் கடிதத்தின் மூலம் ராஜினாமா செய்கிறேன். நிர்வாகம் சரியில்லை. வீட்டை நான் பார்த்துக்கொண்டதெல்லாம் இல்லை. நானும் வேலியை ஒட்டி நடந்து, அப்புறம் படுத்துக்கொண்டவன்தான்.

விசிலடித்தால் கொடுக்க வேண்டும். ஸ்பீக்கரில் வந்தாலும் இந்தத் தடவை அடித்தது நீ. மாதக் கடைசிக்குள் கம்பெனிக்குப் பதில் சொல்லிவிட்டு வந்து, தெருமுனையில் நின்று நீயே வாயால் அடி. வடை வேண்டாம், பச்சைமிளகாய் இருந்தாலும் பரவாயில்லை. அம்மா ஓடி வந்தால் அவள் கையில் இருப்பதை வாங்கிப் பத்திரமாக வைக்க நான் கேட்டருகே நிற்கிறேன். அவளுக்கு முன்னால் நானே ஓடிவிடாமல் இருந்தால்.